எங்கு வேண்டுமானாலும் போகலாம்! வழி சொல்லாத அதிசய விளையாட்டு

ஒரு குகை. குகைக்குள் ஒரு தொட்டி. தொட்டி நிறைய, நீல ஒளி வீசும் தண்ணீர். அந்தத் தண்ணீரில் ஒரு வாலிபன் படுத்துக் கிடக்கிறான்.

கண்ணைத் திறக்கும்படி ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது. குரல் எங்கே இருந்து வருகிறது என்று தெரியவில்லை. வாலிபன் எழுந்திருக்கிறான். அவனுக்குப் பழைய நினைவு எதுவும் இல்லை.

அவன் தூங்கியது ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. நூறு ஆண்டுகள்!

பாட்டி சொல்லும் ராஜா ராணிக் கதை போல இருக்கிறது அல்லவா? இது ஒரு வீடியோ விளையாட்டின் தொடக்கம். ஜப்பான் நாட்டில் உள்ள நிண்டெண்டோ கம்பெனி இதைத் தயாரித்தது. 2017-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி வெளிவந்தது. அதே கம்பெனியின் புதிய யந்திரத்துக்கு ஏற்றபடி மெருகு ஏற்றி, 2025-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி மறுபடியும் வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் மூன்று கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்று இருக்கிறது.

விளையாட்டின் பெயர், "தி லெஜண்ட் ஆப் செல்டா: பிரெத் ஆப் தி வைல்ட்." "செல்டாவின் புராணம் - காட்டின் மூச்சு" என்று பொருள் சொல்லலாம்.

இதை முதல் முறையாக ஆட உட்காருகிறவர்கள் திகைத்துப் போகிறார்கள். காரணம், "இங்கே போ, அதைச் செய்" என்று விளையாட்டு அவர்களை விரட்டுவது இல்லை. போகும் வழியைத் தேடுவதும், செய்யும் வேலையைத் தீர்மானிப்பதும் ஆடுகிறவரின் பொறுப்பு.

இதிலேதான் இந்த விளையாட்டின் இன்பம் இருக்கிறது. பெற்றோரின் கவலையும் இதிலேதான் இருக்கிறது!

படுதாவில் வரைந்த மலை

நாடக மேடையின் பின்னால் ஒரு படுதா தொங்கும். அதில் மலை, ஆறு, அரண்மனை எல்லாம் வரைந்து இருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால், அந்த மலையில் ஏற முடியாது.

பழைய வீடியோ விளையாட்டுகள் பல இப்படித்தான் இருந்தன. பொம்மை வீரன் ஒரே பாதையில் ஓடுவான், குதிப்பான். பின்னால் தெரியும் மலை, வெறும் படம்.

புதிய வகை விளையாட்டு அப்படி இல்லை. கண்ணில் தெரியும் மலையை நோக்கி நடந்தால், மலை அருகே வருகிறது. ஏறினால், உச்சிக்குப் போய் விடலாம். உச்சியில் நின்று பார்த்தால், அடுத்த பள்ளத்தாக்கு தெரிகிறது. அங்கும் போகலாம். இதைத் "திறந்த உலக விளையாட்டு" என்கிறார்கள்.

ஆடுகிறவரின் கையில் ஒரு சிறிய கருவி இருக்கும். அதில் இரண்டு குமிழ்களும், சில பொத்தான்களும் இருக்கும். ஒரு குமிழை அசைத்தால், வீரன் நடப்பான். இன்னொன்றை அசைத்தால், நாலா பக்கமும் பார்க்கலாம். பொத்தானை அழுத்தினால் குதிப்பான், வாள் வீசுவான். அவனுக்குப் பெயர் லிங்க்.

பழத்தைத் திருடினால்...

லிங்க் குகையை விட்டு வெளியே ஓடி வருகிறான். ஒரு பாறையின் விளிம்பில் நிற்கிறான். அடேயப்பா! கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பரந்து கிடக்கிறது உலகம். காடு, ஏரி, புகை கக்கும் எரிமலை. தூரத்தில் பாழடைந்த ஒரு கோட்டை. அதுதான் ஹைரூல் நாடு.

பெரிய மேளதாளம் எதுவும் இல்லை. காற்றின் ஓசை, பறவையின் குரல், எப்போதாவது பியானோவில் இரண்டு மூன்று ஸ்வரங்கள். அவ்வளவுதான்.

கீழே ஒரு பாறை நிழலில், நெருப்பு மூட்டி, ஒரு கிழவர் உட்கார்ந்து இருக்கிறார். தலையில் முக்காடு. நீண்ட வெள்ளைத் தாடி. நெருப்பின் அருகே சுட்ட ஆப்பிள் பழம் ஒன்று இருக்கிறது.

கேட்காமலே அதை எடுத்துக் கொண்டால், கிழவர் அதட்டுகிறார். பிறகு, தமாஷுக்கு அதட்டியதாகச் சொல்லிச் சிரிக்கிறார்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுப்பது இல்லை. ஆனால், கவனித்தவருக்குப் புரிந்து விடும். பழத்தை நெருப்பின் அருகே வைத்தால், அது வேகும். பச்சைப் பழத்தைவிட, சுட்ட பழம் உடம்புக்கு அதிகத் தெம்பு தரும்.

கொஞ்சம் தள்ளி ஒரு கோடாரி கிடக்கிறது. எடுத்து மரத்தை வெட்டினால், மரம் சாய்கிறது. இதுவும் ஒரு பாடம்தான். பிறகு ஒரு பெரிய பிளவு குறுக்கே வரும். பாலம் கிடையாது. விளிம்பில் நிற்கும் மரத்தை எதிர்ப்பக்கமாகச் சாயும்படி வெட்டினால், அதுவே பாலம்!

இன்னோர் இடத்தில் மேட்டின் மேல் ஒரு பெரிய உருண்டைக் கல் நிற்கிறது. கீழே குட்டிப் பிசாசுகள் கூடாரம் அடித்து இருக்கின்றன. வாளை எடுத்துக் கொண்டு ஓடிச் சண்டை போடலாம். அல்லது, கல்லைப் பின்னால் இருந்து ஒரு தள்ளுத் தள்ளலாம். மிச்சத்தைக் கல் பார்த்துக் கொள்ளும்!

குளிருக்கு மிளகாய்

தொடக்கத்தில் லிங்க் இருக்கும் இடம் ஒரு பீடபூமி. நான்கு பக்கமும் செங்குத்தான பாறை. குதித்தால் மரணம். பறந்து இறங்க ஒரு துணிச் சிறகு வேண்டும். அது கிழவரிடம் இருக்கிறது. பீடபூமியில் உள்ள நான்கு பழங்காலக் கோவில்களுக்குள் போய் வந்தால், அதைத் தருவதாகச் சொல்கிறார்.

இரண்டு கோவில்கள் பனி மூடிய இடத்தில் இருக்கின்றன. மெல்லிய சட்டையோடு லிங்க் போனால், அவன் உடம்பு நடுங்கும். திரையின் மூலையில் உள்ள வெப்பமானியின் முள் கீழே இறங்கும். உயிரைக் காட்டும் சிவப்பு இருதயங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். தொடக்கத்தில் அவனுக்கு இருப்பதே மூன்று இருதயங்கள்தான்.

என்ன செய்வது?

எரியும் பந்தத்தைக் கையில் பிடித்துக் கொண்டு போகலாம். அதன் சூட்டில் குளிர் தாக்காது. கார மிளகாயைச் சமைத்துச் சாப்பிட்டு விட்டுப் போகலாம். கொஞ்ச நேரத்துக்கு உடம்பு சூடாக இருக்கும்.

மூன்றாவது வழி சுவையானது. கிழவரின் குடிசையில் ஒரு டைரி இருக்கிறது. அதில் ஒரு கார வறுவலைப் பற்றி எழுதி வைத்து இருக்கிறார். இறைச்சியும் மிளகாயும் போட வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. இன்னொரு பொருள் மட்டும் மறந்து போய் விட்டது. அது மீன்! அதைக் கண்டு பிடித்து, வறுவலைச் செய்து அவருக்குக் கொடுத்தால், கம்பளிச் சட்டை பரிசு.

இவ்வளவும் தெரியாமல், மலையின் உச்சி வரை எப்படியோ தட்டுத் தடுமாறி ஏறிப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் அங்கே அந்தச் சட்டை கிடைக்கிறது.

ஒரு கேள்விக்குப் பல விடை. எந்த விடை எழுதினாலும் "சரி" போடும் வாத்தியார் போல இருக்கிறது விளையாட்டு!

மழை வந்தால் வழுக்கும்

லிங்க் எந்தப் பாறையிலும் ஏறுவான். ஆனால், அவனுக்கும் களைப்பு உண்டு. ஏறும்போது, திரையில் ஒரு பச்சை வளையம் தோன்றும். ஏற ஏற வளையம் குறையும். அது தீர்ந்து விட்டால், கை விட்டுப் போகும். தொப்பென்று கீழே விழுவான்.

பாதி மலை ஏறிய பிறகு மழை பிடித்துக் கொண்டால், போச்சு! பாறை வழுக்கும். நான்கு அடி ஏறினால், இரண்டு அடி சறுக்கும். மழை நிற்கும் வரை பாறை இடுக்கில் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

இடி மின்னல் வந்தால், இன்னும் ஆபத்து. இரும்பு வாளும் இரும்புக் கேடயமும் வைத்து இருந்தால், அவற்றில் பொறி பறக்கத் தொடங்கும். உடனே கழற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால், மின்னல் தலையிலே விழும்! தந்திரக்காரர்கள் இதையே ஆயுதமாக்கிக் கொள்கிறார்கள். பொறி பறக்கும் வாளைப் பகைவன் பக்கத்தில் எறிந்து விட்டு ஓடி விடுகிறார்கள். மின்னல் அவன் மேல் விழுகிறது.

காய்ந்த புல்லில் தீ வைத்தால், தீ பரவும். தீயில் இருந்து சூடான காற்று மேலே கிளம்பும். அந்தக் காற்றில் துணிச் சிறகை விரித்தால், லிங்க் மேலே எழும்பிப் பறப்பான். மழை பெய்தால், தீ அணைந்து விடும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் படிப்பதுதான். இங்கே அதை வைத்து உயிர் பிழைக்க வேண்டும்.

ஒடிந்து போகும் வாள்

எல்லோருக்கும் எல்லாம் பிடித்து விடவில்லை. இந்த விளையாட்டில் ஆயுதங்கள் ஒடிந்து போகும். நல்ல வாள் ஒன்று கிடைத்ததே என்று மகிழ்வதற்குள், சில சண்டைகளில் அது தூள் தூளாகி விடும். பிறகு மரக் கிளை, துடைப்பம், குழம்புக் கரண்டி, எது கிடைக்கிறதோ அதை எடுத்து அடிக்க வேண்டும். கேடயத்துக்குப் பதில் பானை மூடியைப் பிடிப்பதும் உண்டு!

"கஷ்டப்பட்டுச் சம்பாதித்த வாள் இப்படிப் போகிறதே" என்று பலர் எரிச்சல் அடைந்தார்கள். ஓயாத மழையைத் திட்டியவர்களும் உண்டு. ஒடியாத வாள் ஒன்று கையில் இருந்தால், ஆள் அதோடு நின்று விடுவான். புதிதாக ஒன்றைத் தேட மாட்டான் என்று மறு கட்சியினர் சொல்கிறார்கள். இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

கிழவர் யார்?

நான்கு கோவில்களுக்கும் போய் வந்த பிறகுதான், மர்மம் உடைகிறது. அந்தக் கிழவர் மனிதர் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்து போன ஹைரூல் நாட்டு ராஜாவின் ஆவி!

ராஜா பழைய கதையைச் சொல்கிறார். கானன் என்ற அரக்கன் நாட்டைத் தாக்கினான். காவலுக்கு இருந்த யந்திரங்களையே தன் வசம் ஆக்கிக் கொண்டான். நாடு அழிந்தது. இளவரசி செல்டாவைக் காப்பாற்றப் போராடிய லிங்க், குற்றுயிராக விழுந்தான். அவனைக் குகைக்கு அனுப்பி விட்டு, இளவரசி தனியாகக் கோட்டைக்குப் போனாள். நூறு ஆண்டுகளாக, அரக்கனை வெளியே விடாமல் தன் சக்தியால் கட்டி வைத்து இருக்கிறாள். குகையில் கேட்டது அவள் குரல்தான்.

ராஜா துணிச் சிறகைக் கொடுத்து விட்டு மறைந்து விடுகிறார். முதலில் ஒரு கிராமத்துக்குப் போய், அங்குள்ள மூதாட்டியைப் பார்க்கும்படி புத்தி சொல்லி விட்டுப் போகிறார்.

கேட்டால் கேட்கலாம். கேட்காவிட்டாலும் குற்றம் இல்லை. விருப்பப்பட்டால், அந்த நிமிடமே நேராகக் கோட்டைக்குப் போய், அரக்கனோடு மோதலாம்! புதிதாக ஆடுகிறவர் போனால், கோட்டை வாசலிலேயே பொசுங்கிப் போவார். கைதேர்ந்தவர்கள், ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் அரக்கனைக் கொன்று கதையை முடித்தும் இருக்கிறார்கள். சாதாரணமாக ஆடுகிறவர்களுக்குச் சுமார் 50 மணி நேரம் பிடிக்கும். எல்லா மூலைமுடுக்கையும் பார்க்க ஆசைப்பட்டால், 100 மணியும் போதாது.

சிறுவன் கண்ட குகை

இந்த யோசனை எல்லாம் எங்கே இருந்து வந்தது?

ஜப்பானில் கியோட்டோ நகருக்கு அருகே சோனோபே என்ற சிற்றூர் இருக்கிறது. 1952-ம் ஆண்டு அங்கே பிறந்தவர், ஷிகேரு மியாமோட்டோ. சிறு வயதில் காடு மேடு எல்லாம் சுற்றித் திரிந்தார். ஒரு நாள் காட்டில் ஒரு குகையைக் கண்டார். முதலில் உள்ளே போகப் பயம். பிறகு, ஒரு விளக்கை எடுத்துக் கொண்டு துணிந்து உள்ளே நுழைந்தார். அந்தப் பயமும், அந்த மகிழ்ச்சியும் அவர் மனதை விட்டு நீங்கவில்லை.

1977-ல் அவர் நிண்டெண்டோ கம்பெனியில் சேர்ந்தார். இது 1889-ம் ஆண்டு கியோட்டோவில், சீட்டுக்கட்டு செய்வதற்காக ஆரம்பிக்கப்பட்ட கம்பெனி! பிறகு பொம்மைகளும், மின்சார விளையாட்டுகளும் செய்யத் தொடங்கியது.

தம்முடைய குகை அனுபவத்தை, வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று மியாமோட்டோ விரும்பினார். 1986-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி, முதலாவது செல்டா விளையாட்டு ஜப்பானில் வெளிவந்தது. அதிலும், ஆட்டக்காரர் தமக்கு இஷ்டமான பக்கம் போகலாம்.

பிற்காலத்தில் வந்த செல்டா விளையாட்டுகளில், கதையின் பிடி இறுகியது. "இதை முடித்தால்தான் அது" என்ற கட்டுப்பாடு வளர்ந்தது. தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமாவும், டைரக்டர் ஹிடேமாரோ புஜிபாயாஷியும், பழைய சுதந்திரத்தை மீண்டும் கொண்டு வரத் தீர்மானித்தார்கள். 2015-ல் வரும் என்றார்கள், வரவில்லை. 2016 என்றார்கள்; அதுவும் தவறியது. கடைசியில் 2017-ல் வந்தது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசும் பெற்றது.

முக்கோண ரகசியம்

தயாரித்தவர்கள் தங்கள் ரகசியங்களைப் பிறகு வெளியிட்டார்கள்.

தீ, தண்ணீர், காற்று, மின்சாரம் ஆகியவை ஒரு வகை. மரம், இரும்பு, கல் போன்ற பொருட்கள் இன்னொரு வகை. தீ மரத்தை மாற்றும். தண்ணீர் தீயை மாற்றும். ஆனால், ஒரு பொருள் இன்னொரு பொருளை மாற்றாது. இப்படிச் சில சட்டங்களைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்தார்கள். அதனால், தயாரித்தவர்கள் நினைத்துப் பார்க்காத தந்திரங்களைக்கூட ஆடுகிறவர்கள் கண்டு பிடித்தார்கள்.

நாடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இதற்கு ஒரு வழி செய்தார்கள். தங்களுக்கு நன்றாகத் தெரிந்த கியோட்டோ நகரத்தின் வரைபடத்தை, விளையாட்டு உலகத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். "இங்கே இருந்து அந்தக் கோவிலுக்கு நடந்தால் இவ்வளவு நேரம்" என்று கணக்குப் போட்டார்கள்.

எல்லாவற்றையும்விட விசித்திரமானது, முக்கோணம். மலை, மேடு, பாறை எல்லாவற்றையும் முக்கோண வடிவத்தில் அமைத்தார்கள். முக்கோணம் தூரத்தில் இருந்தே கண்ணை இழுக்கும். அதன் பின்னால் இருப்பதை மறைக்கும். ஆள் அதன் மேலே ஏறுவான். அல்லது சுற்றிப் போவான். எப்படிப் போனாலும், மறைந்து இருந்த ஒன்று திடீரென்று கண்ணில் படும். ஒரு கோபுரம், ஒரு கோவில், ஒரு குதிரைக் கூட்டம்! அதை நோக்கி நடந்தால், வழியில் இன்னொரு முக்கோணம். அதன் பின்னால் இன்னொன்று.

யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனாலும், கால் தானாக நடக்கிறது.

எப்போது நிறுத்துவது?

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். "அந்த மலையை மட்டும் பார்த்து விட்டு வருகிறேன்" என்று பிள்ளை சொல்கிறான். மலையைத் தாண்டியதும் கோபுரம் தெரிகிறது. "அந்தக் கோபுரத்தை மட்டும்" என்கிறான். சோறு ஆறிப் போகிறது. மணி பதினொன்று ஆகி விடுகிறது.

பிள்ளை பொய் சொல்லவில்லை. விளையாட்டை அப்படி அமைத்து இருக்கிறார்கள்!

வழி சொல்லாத விளையாட்டு, "போதும், எழுந்திரு" என்றும் சொல்வது இல்லை. அந்தத் தீர்மானத்தையும் ஆடுகிறவரிடமே விட்டு விடுகிறது. பெரியவர்களுக்கே கடினமான தீர்மானம் அது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கேட்க வேண்டுமா?

உலகச் சுகாதார நிறுவனம் இதைக் கவனித்து இருக்கிறது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற வேலைகளை எல்லாம் விட்டு விட்டு அதிலேயே மூழ்குவது, கெடுதல் வந்த பிறகும் விடாமல் ஆடுவது, இவை பொதுவாக 12 மாதங்கள் நீடித்தால், அதை ஒரு கோளாறு என்று 2019-ல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரி முதல் அந்தப் பட்டியல் அமலுக்கு வந்தது. விரும்பி ஆடுகிற எல்லோருக்கும் இந்தக் கோளாறு இருப்பதாக அர்த்தம் இல்லை.

ஜப்பானிலேயே, காகாவா என்ற மாகாணத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்கள், பள்ளி நாட்களில் 60 நிமிடம், விடுமுறை நாட்களில் 90 நிமிடம் விளையாடினால் போதும் என்று, 2020 ஏப்ரல் முதல் பெற்றோருக்கு அறிவுரை கூறும் சட்டம் அது. மீறினால் தண்டனை கிடையாது. "வீட்டு விஷயத்தில் சர்க்கார் ஏன் தலையிட வேண்டும்?" என்று ஒரு மாணவர் கோர்ட்டுக்குப் போனார். 2022-ல் வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

900 விதைகளின் பரிசு

விளையாட்டைச் செய்தவர்களும் இதைப் பற்றி ஒரு வேடிக்கை செய்து இருக்கிறார்கள்.

ஹைரூல் நாடு முழுவதும், 900 குட்டிச் சாத்தான்கள் ஒளிந்து இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கண்டு பிடித்தால், ஒரு விதை தரும். விதைகளைக் கொடுத்து, லிங்க்கின் பையைப் பெரிதாக்கிக் கொள்ளலாம். அதற்கு 441 விதைகள் போதும். ஆனால், "ஒன்று விடாமல் சேர்ப்பேன்" என்று மாதக் கணக்கில் உட்கார்ந்து, 900-ஐயும் சேர்க்கிறவர்கள் உண்டு.

அவர்களுக்குக் கடைசியில் என்ன பரிசு தெரியுமா? தங்க நிறத்தில் ஒரு சாண உருண்டை!

போதும் என்று நிறுத்தத் தெரியாதவர்களைப் பார்த்து, விளையாட்டே சிரிப்பது போல இருக்கிறது.

பெற்றோர் தெரிந்து கொள்ள வேண்டியவை

இந்த விளையாட்டை, அமெரிக்காவில் 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது என்றும், ஐரோப்பாவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது என்றும் வகைப்படுத்தி இருக்கிறார்கள். சண்டை உண்டு. இரத்தக் காட்சிகள் இல்லை. அடிபட்ட பிசாசுகள் புகையாக மறைந்து விடும்.

"இப்போது நிறுத்தினால், ஆடியது எல்லாம் வீணாகி விடும்" என்று பிள்ளைகள் சொல்வது வழக்கம். இந்த விளையாட்டில் அந்தச் சாக்கு செல்லாது. அநேகமாக எந்த இடத்திலும், ஆடிய வரையில் பதிவு செய்து கொள்ளலாம். யந்திரத்தின் பொத்தானை அழுத்தித் தூங்க வைத்தால்கூட, மறுநாள் நிறுத்திய அதே இடத்தில் லிங்க் காத்துக் கொண்டு இருப்பான்.

கம்பெனியே, பெற்றோருக்காக ஒரு செல்போன் வசதி கொடுத்து இருக்கிறது. ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று அதில் குறித்து வைக்கலாம். நேரம் முடிந்ததும், திரையில் எச்சரிக்கை வரும். விரும்பினால், ஆட்டத்தையே நிறுத்தி விடும்படியும் செய்யலாம்.

இவற்றை எல்லாம்விட நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு நாள், பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிளவைத் தாண்ட அவன் என்ன யோசனை செய்கிறான், மீன் என்ற விடையை எப்படிக் கண்டு பிடிக்கிறான் என்று கவனியுங்கள். எந்த மலையோடு நிறுத்துவது என்று, ஆட்டம் தொடங்கும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். நடுவில் அதட்டி நிறுத்துவதைவிட, முன்னால் பேசி வைத்தது பலன் தரும்.

பிறகு, முடிந்தால், விடுமுறை நாளில் அவனை உண்மையான மலை ஒன்றுக்கு அழைத்துப் போங்கள். சோனோபே ஊர்ச் சிறுவன் விளக்கோடு நுழைந்தது, திரையில் இருந்த குகைக்குள் அல்ல. நிஜமான குகைக்குள்!